கதவு, நிலை, கேபினட்டுக்குச் சாயம்: தீபாவளிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீபாவளி நெருங்கினால் ஜோகூரில் ஹார்ட்வேர் கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். மாசாய், ஸ்கூடாய், கூலாய், குளுவாங், சிகாமட் என்று எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் நம்மவர்கள் கையில் ஒரு ரோலரும் இரண்டு டின்னும் இருக்கும். சுவர்களை ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடுகிறோம். கதவு, நிலை, ஜன்னல் சட்டம், ஸ்கர்ட்டிங், அடுப்படி கேபினட் ஆகியவற்றைக் கடைசி இரண்டு நாளில், முறுக்கு சுட்டுக்கொண்டே அடிக்கிறோம். பெருநாள் அன்று கதவு நிலையோடு ஒட்டிக்கொள்கிறது. தை பிறப்பதற்குள் கேபினட் கைப்பிடி ஓரத்தில் சாயம் தோலாக உரிகிறது.

சுவரை நாம் பார்க்கிறோம்; கதவைத் தொடுகிறோம். வேறுபாடு அதுதான். ஒரு நாளில் இருபது, முப்பது முறை கை படுகிற, எண்ணெய் படுகிற, இழுத்துச் சாத்தப்படுகிற பரப்புக்குச் சுவர்ச் சாயம் ஆகாது. சுவருக்குச் செய்கிற வேலைமுறையும் ஆகாது. இதைத் தொழிலாகச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள், நாமே செய்தால் எதைக் கவனிக்க வேண்டும், ஆள் வைத்தால் எதைக் கேட்க வேண்டும் என்பதை இங்கே தருகிறோம்.

எந்தச் சாயம்?

சுவருக்கு அடிப்பது எமல்ஷன். மரத்துக்கும் இரும்புக்கும் அடிப்பது எனாமல். எனாமலில் இரண்டு வகை உண்டு. ஒன்று தின்னர் அல்லது டர்பெண்டைன் கலந்து அடிக்கும் எண்ணெய்ச் சாயம். கடைக்காரர்கள் 'கிளோஸ்' என்று எடுத்துத் தருவது பெரும்பாலும் இதைத்தான். மற்றொன்று நீர் கலந்து அடிக்கும் எனாமல்.

எண்ணெய்ச் சாயம் வழவழப்பாக விழும், பளபளக்கும், விலையும் குறைவு. ஆனால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லத்தான் இறுகும். தொட்டுப் பார்த்தால் ஆறு மணி நேரத்தில் காய்ந்தது போலிருக்கும். அடுத்த கோட் அடிக்க ஓர் இரவு முழுவதும் விட வேண்டும். உள்ளே முழுவதும் இறுக வாரக்கணக்கில் ஆகும். வெள்ளை நிறத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வெளிச்சம் படாத இடத்தில், அதாவது அலமாரியின் உட்புறத்திலும் கதவுக்குப் பின்னாலும், எண்ணெய்ச் சாய வெள்ளை ஓரிரு ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும். நீர் எனாமலில் இந்தப் பழுப்பு வராது, வாடையும் குறைவு, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம். விலை கூடுதல். பிரஷ் தடம் தெரியாமல் அடிக்கக் கை வேகம் வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால் நீர் எனாமலே நல்லது. வாசல் கதவுக்கு வெயிலும் சாரலும் படும் என்பதால் வெளிப்புறத்துக்கு உகந்தது என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அளவு எளிதுதான். மூன்று அடி அகலம், ஏழு அடி உயரமுள்ள கதவின் ஒரு பக்கம் ஏறத்தாழ 2 சதுர மீட்டர். இரு பக்கமும் நிலையும் சேர்ந்தால் 5 சதுர மீட்டர். இரண்டு கோட் என்றால் 10. ஒரு லிட்டர் எனாமல் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். ஆகவே ஒரு கதவுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து கதவுள்ள தாமான் வீட்டுக்கு 5 லிட்டர் டின் ஒன்று போதும்.

பழைய சாயத்தில் ஈயம்

புதுச் சாயம் வாங்குமுன் பழையது என்னவென்று பார்க்க வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கதவின் மூலையில் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் பழையது நீர்ச் சாயம். ஏறாவிட்டால் எண்ணெய்ச் சாயம். பழைய எண்ணெய்ச் சாயத்தின் மேல் நேரடியாக நீர்ச் சாயம் அடித்தால் நகத்தால் கீறினாலே பாளமாக வரும். தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பிரைமர் அடித்த பிறகுதான் மேல் சாயம்.

அதைவிட முக்கியமானது ஈயம். பழைய எனாமல் சாயங்களில் நிறத்துக்காகவும் விரைவில் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். அமெரிக்காவில் வீட்டுச் சாயத்தில் ஈயத்துக்கு 1978-இலேயே தடை வந்தது; 2009 முதல் அங்கே உச்ச வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. உலகச் சுகாதார நிறுவனமும் இந்த 90-ஐத்தான் பரிந்துரைக்கிறது. நம் நாட்டில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் ஐபென் என்ற அனைத்துலக அமைப்பும் சேர்ந்து கடைகளில் வாங்கிய வீட்டு எண்ணெய்ச் சாயங்களைச் சோதித்து 2016-இல் அறிக்கை வெளியிட்டன. பல டின்களில் ஈயம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. இது பாட்டி காலத்துச் சங்கதி அல்ல என்பதற்காகவே ஆண்டைச் சொல்கிறோம்.

ஈயம் அதிகம் இருப்பது அடர்ந்த நிறங்களில்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மங்கலத்துக்காக நாம் நிலைக்கு அடிக்கிற அதே மஞ்சள், அதே சிவப்பு. தோட்டத்து வீடுகளிலும் எண்பதுகளில் கட்டிய தாமான் வீடுகளிலும் நிலையைச் சுரண்டினால் மஞ்சளுக்குள் மஞ்சளாக ஐந்தாறு அடுக்கு வரும். அதைக் காய்ந்தபடியே மெஷின் வைத்துத் தேய்த்தால் வரும் தூள் தரையிலும் பாயிலும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். பாதிப்பு வெளியே தெரியாது, திரும்பச் சரியாவதும் இல்லை.

அதனால் பழைய வீட்டு நிலையைத் தேய்க்கும்போது கருப்பு நிற நீர் மணல்தாளை வாங்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தீக்குழாய் வைத்துச் சாயத்தைப் பொசுக்கக் கூடாது; ஈயம் புகையாக வரும். கீழே பிளாஸ்டிக் விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்த இரண்டு நாள் வேறு வீட்டில் இருக்கட்டும். பழைய சாயம் உரியாமல் கெட்டியாக இருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். லேசாக நனைத்துத் தேய்த்து மேலே அடித்து மூடுவதே பாதுகாப்பு. புதிதாக வாங்கும்போது 'ஈயம் சேர்க்கப்படாதது' என்று டின்னில் தெளிவாக அச்சிட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள்.

தோட்டத்து வீடு நிர்வாகத்தினுடையது என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், அதாவது 446-ஆவது சட்டம், வீட்டைப் பழுதில்லாத நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளி மீதுதான் வைக்கிறது. கதவு அடிப்பாகம் மக்கி, நிலை கரையான் அரித்திருந்தால் நம் காசில் சாயம் அடித்து மறைப்பதற்கு முன் எழுத்து மூலம் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். முடியாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

மஞ்சள், குங்குமம், விளக்கெண்ணெய்

மற்ற இனத்துச் சாயக்காரர்கள் நம் வீட்டு நிலையைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். எத்தனை கோட் அடித்தாலும் மூன்றாம் நாள் உள்ளிருந்து மஞ்சளும் சிவப்பும் கசிந்து மேலே வந்து நிற்கும். காரணம் இருக்கிறது. மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் தின்னரிலும் கரையும். எண்ணெய்ச் சாயத்தை நேரே அதன் மேல் அடித்தால் சாயமே கறையைக் கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வரும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் சிவப்பாக மாறுவதையும் வீட்டில் பார்த்திருப்பீர்கள்; காரம் பட்டால் அது அப்படித்தான். கடைக் குங்குமத்தில் செயற்கை நிறமி சேர்ந்திருந்தால் கசிவு இன்னும் மோசம்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரச் சோப்பும் வெந்நீரும் கொண்டு இரண்டு முறை கழுவி, நல்ல தண்ணீரில் துடையுங்கள். காய்ந்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியால் மஞ்சள் இடங்களை மட்டும் துடையுங்கள். துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கறையைப் பரப்புகிறோம். பிறகு மணல்தாள். அதன் பின் கறை தடுக்கும் பிரைமர். ஷெல்லாக், அதாவது அரக்குக் கலந்த பிரைமர் இதற்கு மிக நன்று. ஒரு கோட் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கசிந்தால் இன்னொரு கோட். கசிவு நின்ற பிறகுதான் மேல் சாயம். சாமி மேடைக் கேபினட்டின் உட்கூரையில் படிந்த சூடக் கரிக்கும் இதே முறைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, பக்கத்துக் கதவுக்கு எண்ணெய்ச் சாயம் அடிப்பது மிக ஆபத்து. அன்று விளக்கும் வேண்டாம், ஊதுவத்தியும் வேண்டாம், கேஸ் அடுப்பும் வேண்டாம்.

புதுச் சாயம் இறுகுவதற்குள் மஞ்சள் தடவினால் அது நிரந்தரமாக ஏறிவிடும். ஆகவே நிலையின் வேலை தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். சுவர் பிறகு நடக்கலாம். வெள்ளிக்கிழமை நிலையில் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வியாழக்கிழமை ஒரு கோட் அடித்துவிடுங்கள். காய ஒரு நாள் கிடைக்கிறது, அவர்களுக்கும் மனக்குறை இல்லை.

வேலை வரிசை

பூட்டு, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். டேப் ஒட்டிச் சமாளிப்பதைவிட ஸ்க்ரூ டிரைவர் எடுப்பது விரைவு. கழற்றிய திருகாணிகளைக் கதவு வாரியாகப் பையில் போட்டு எழுதி வையுங்கள். கழுவி, காயவிட்டு, தோரணத்துக்கு அடித்த ஆணி ஓட்டைகளை மரப் புட்டியால் அடைத்து, 120 அல்லது 180 எண் மணல்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் தூளை எடுத்து, பிரைமர் அடித்து, 220 எண்ணால் மெல்லத் தேய்த்து, பிறகு இரண்டு மெல்லிய கோட். தடித்த ஒரு கோட் இரண்டு மெல்லிய கோட்டுக்கு ஈடாகாது. அது வழியும், மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும்.

கட்டம் போட்ட கதவானால் முதலில் கட்டங்களின் உள்பகுதி, பிறகு நடுச்சட்டம், குறுக்குச் சட்டங்கள், கடைசியில் பக்கச் சட்டங்கள். மரத்தின் ரேகை போகும் திசையிலேயே பிரஷ் போக வேண்டும். சமதளக் கதவுக்குச் சிறு நுரை ரோலரால் உருட்டி, ஈரம் இருக்கும்போதே பிரஷ் நுனியால் மேலிருந்து கீழ் ஒரே இழுப்பாக இழுப்பார்கள்.

ஜோகூரில் கதவுகள் கெடுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். கதவின் கீழ் விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் யாரும் சாயம் அடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம். மரம் அங்கேதான் ஈரத்தைக் குடிக்கிறது. பிளைவுட் கதவு குளியலறைப் பக்கம் ஊதிப் பிளப்பதற்கு இதுவே முதல் காரணம். கீலைக் கழற்றி, கதவைப் படுக்க வைத்து, இரண்டு விளிம்புக்கும் பிரைமரும் சாயமும் கொடுங்கள். நல்ல சாயக்காரரை அடையாளம் காண ஒரு கண்ணாடியைக் கதவுக்கு அடியில் நீட்டிப் பார்த்தால் போதும்.

நிலை இரும்பாக இருந்தால் துருவைச் சுரண்டித் துரு தடுக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வெள்ளைத் தகடு என்றால் எண்ணெய்ச் சாயம் அதில் நேரே நிற்காது. அதற்கென்று தனிப் பிரைமர் உண்டு.

அடுப்படி கேபினட்

நியாத்தோ, மெராந்தி போன்ற கட்டை மரக் கேபினட் என்றால் மேலே சொன்ன முறையே. ஆனால் இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது மரத்தூள் பலகை. அதன் மேல் மெலமைன் ஒட்டியிருக்கும். மெலமைன் எதையும் உறிஞ்சாது. சாதாரண அண்டர்கோட் அதில் பிடிக்காது. தாளிப்பு எண்ணெய் ஆவி படிந்த மேல் கேபினட்டை மூன்று முறை கழுவ வேண்டியிருக்கும். ஈரக் கையால் தடவினால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவ வேண்டும், அப்போதுதான் எண்ணெய் போயிற்று என்று பொருள். பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, வழுக்குப் பரப்புக்கான பிணைப்புப் பிரைமர் அடித்து, அதன் மேல் எனாமல்.

பலகை தண்ணீர் குடித்து ஊதியிருந்தால் சாயத்தால் ஆவது ஒன்றுமில்லை. ஊதிய மரத்தூள் பலகை திரும்பச் சுருங்காது. அந்தக் கதவை மட்டும் மாற்றுவதே செலவு குறைவு.

பட்டறையில் ஸ்பிரே அடித்துக் கொண்டுவரும் கேபினட் கதவுகள் அழகாகத்தான் இருக்கும். இரண்டு டப்பாக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் சாயத்தில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அது மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கும். துணி முகக்கவசமோ என்95 முகக்கவசமோ சாய ஆவியைத் தடுக்காது. இந்த வேலை செய்யும் நம் பிள்ளைகள் தகுந்த மூச்சுக் கருவி இல்லாமல் அடிக்கக் கூடாது. வீட்டுக்குள் வைத்து அடிக்கவும் கூடாது. நைட்ரோ லேக்கர் அடிப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: மழை நாளில் அடித்தால் ஈரம் பிடித்து மேற்பரப்பு பால் போல வெளுத்துவிடும்.

மழையும் வெள்ளமும்

தீபாவளி வருவது பிற்பகல் இடிமழைக் காலத்தில். காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணிக்குள் கோட் முடித்துவிடுவது நல்லது. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். மின்விசிறி அறைக் காற்றை நகர்த்தட்டும்; ஈரச் சாயத்தின் மேல் நேரே வீசினால் தூசி ஒட்டும். முதல் ஒரு வாரம் கதவை இரவில் முழுக்கச் சாத்தாதீர்கள். சாத்தித்தான் ஆக வேண்டுமென்றால் நிலை படும் இடத்தில் மெழுகுத்தாளை வையுங்கள்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளம், 2023 மார்ச்சில் சிகாமட், லாபிஸ், யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் நின்ற வெள்ளம் இரண்டையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி தேவை. தண்ணீர் வடிந்த மறுவாரமே சாயம் அடிப்பது பணத்தை வீணாக்குவது. கட்டை மரக் கதவை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் படுக்க வைத்து, இடையில் குச்சி கொடுத்து, வாரக்கணக்கில் உலரவிட வேண்டும். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். ஈரமானி இருந்தால் 18 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகு பிரைமர். சிறு பட்டறைகளிலும் இந்தக் கருவி இருக்கும்; கேட்டால் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். உட்புறம் வெறும் சட்டமும் காகிதக் கூடுமாக இருக்கும் மலிவுப் பிளைவுட் கதவு வெள்ளத்தில் நின்றிருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

ஆள் வைத்துச் செய்தால்

'முழு வீட்டுக்கும் இவ்வளவு' என்று வாய்ச்சொல்லாகப் பேசாதீர்கள். கதவு எத்தனை, நிலை எத்தனை, கேபினட் கதவு எத்தனை, எந்தச் சாயம், பிரைமர் உண்டா, எத்தனை கோட், விளிம்புகள் சேர்த்தா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் பரவாயில்லை, அழிக்காமல் வைத்திருங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். என் கருத்தில் மூன்றில் ஒரு பங்கே போதும். சாய டின் உங்கள் கண் முன் உடைக்கப்பட வேண்டும். குறைந்த விலை சொல்பவரிடம் கேட்க ஒரே கேள்வி: 'தேய்க்க எத்தனை நாள்?' தேய்க்க நேரம் ஒதுக்காதவரின் விலை குறைவாகத்தான் இருக்கும். அவர் சி.ஐ.டி.பி.-யில் பதிவு பெற்ற குத்தகையாளரா என்பதை அந்த வாரியத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் வராமல் போனாலோ, வேலை உரிந்து வந்து அவர் போனை எடுக்காமல் இருந்தாலோ, சும்மா விட வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டாம். விவகாரம் எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கையெழுத்திட்ட தாள், பணம் அனுப்பிய ரசீது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் இவை மூன்றும் கையில் இருந்தால் பேச்சுக் குறையும்.

மிச்சமான தின்னரையும் பிரஷ் கழுவிய தண்ணீரையும் வீட்டுக்கு முன் உள்ள சாக்கடையில் கொட்டாதீர்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் சுங்கை கிம் கிம்மில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூட வேண்டி வந்தது. நம் டின் அந்த அளவு இல்லைதான். போய்ச் சேரும் ஆறு ஒன்றுதான். பயன்படுத்திய தின்னரை மூடி வைத்தால் ஓரிரு நாளில் சாயம் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மறுபடி பிரஷ் கழுவப் பயன்படுத்தலாம். எண்ணெய்ச் சாயமோ மர எண்ணெயோ துடைத்த துணிகளைக் குவித்து மூலையில் போடாமல் வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்து எறியுங்கள்; குவிந்து கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிப்பதுண்டு. மீதிச் சாயத்தைச் சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இறுக மூடி, நிறத்தின் எண்ணையும் எந்தக் கதவுக்கு அடித்தது என்பதையும் மேலே எழுதி வையுங்கள். அடுத்த முறை பிள்ளைகள் சைக்கிளைக் கொண்டுபோய் நிலையில் இடிக்கும்போது தேவைப்படும்.